ஒரு குவார்ட்டர் என்பது எத்தனை?

"குடிப்பீங்களா?" என்று கேட்டால் எங்கள் பக்கம் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் வரும். "இல்லீங்க." "முன்னாடி உண்டுங்க, இப்ப விட்டுட்டனுங்க." "எப்பவாச்சுந்தானுங்க மேடம்."

கொங்கு வட்டாரத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் மையத்தில், பல ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன். லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள், விசைத்தறிக்காரர்கள், கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறவர்கள், கணவனை எச்.ஐ.வி.க்குப் பறிகொடுத்த பெண்கள், திருநங்கைகள் என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. பதிலை எழுத நோயாளியின் பதிவில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் என்ன எழுதுகிறோம், அதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்பது யாரும் பெரிதாகப் பேசாத விஷயம். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், குடியை ஏன் அளக்க வேண்டும்? இன்று கொடுக்கப்படும் டிஎல்டி மாத்திரை நல்ல மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், நாளுக்கு ஒன்று. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய நாட்களில் (நம் மாநிலத்தில் அது தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கியது) இருந்த மாத்திரைகளோடு ஒப்பிட்டால் பக்கவிளைவும் குறைவு. ஒழுங்காகப் போட்டால் வைரஸ் ரத்தத்தில் தென்படாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவுவதும் இல்லை. ஆனால் எல்லாம் "ஒழுங்காகப் போட்டால்" என்பதில்தான் இருக்கிறது. அதைக் குலைக்கிற காரணங்களில் குடி முன்வரிசையில் நிற்கிறது. அதோடு கல்லீரல் இருக்கிறது, காசநோய் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் வராமலிருக்க ஆறு மாதம் ஐசோநியாசிட் கொடுக்கிறோம். அந்த மருந்து கல்லீரலைத் தாக்கக்கூடியது. தினமும் குடிக்கிறவருக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. ஆகவே ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்று தெரியாமல் அவருக்குச் சரியான வைத்தியம் பார்க்க முடியாது.

சரி, எப்படி அளப்பது?

உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு கேள்வித்தாள் உண்டு. பெயர் ஆடிட். உலக சுகாதார நிறுவனம் ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சோதித்து உருவாக்கியது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண் வரை, மொத்தம் 40. எட்டு வந்தால் கவனிக்க வேண்டும், இருபதைத் தொட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நேரமில்லாத இடங்களில் முதல் மூன்று கேள்விகளை மட்டும் கேட்பார்கள், அதற்கு ஆடிட்-சி என்று பெயர். எத்தனை நாளுக்கொரு முறை குடிக்கிறீர்கள்? குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க்? ஒரே அமர்வில் ஆறு டிரிங்க் அல்லது அதற்கு மேல் எத்தனை முறை? இந்த மூன்றுக்கும் சேர்த்து 12 மதிப்பெண். ஆணுக்கு 4, பெண்ணுக்கு 3 வந்தால் அபாயக் கோடு.

இங்கேதான் நம் ஊர் சிக்கல் ஆரம்பிக்கிறது. டிரிங்க் என்றால் எவ்வளவு? ஆடிட்டில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் சுத்த ஆல்கஹால். டாஸ்மாக் கடை வாசலில் நிற்கும் யாரும் டிரிங்க் கணக்கில் வாங்குவதில்லை. குவார்ட்டர், ஆஃப், ஃபுல். இல்லாவிட்டால் இன்னொருவருடன் காசு பங்கு போட்டு ஒரு கட்டிங்.

ஒரு நாள் மதியம் காகிதத்தை எடுத்து இதை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் எல்லாவற்றிலும் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று பாட்டில் மேலேயே எழுதியிருக்கும். குவார்ட்டர் 180 மி.லி. அதில் சுத்த ஆல்கஹால் 77 மி.லி. வருகிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மி.லி. 0.79 கிராம்தான் இருக்கும். பெருக்கினால் சுமார் 61 கிராம். அதாவது ஒரே ஒரு குவார்ட்டருக்குள் ஆறு டிரிங்க் அடங்கியிருக்கிறது. கட்டிங் என்றால் 90 மி.லி., மூன்று டிரிங்க். 650 மி.லி. பீர் பாட்டில் 5 சதவீதமாக இருந்தால் இரண்டரை டிரிங்க், 8 சதவீத ஸ்ட்ராங் பீராக இருந்தால் நான்கு.

இப்போது ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து, "வாரத்துக்கு ரெண்டு தடவைங்க, ஒரு குவார்ட்டர்தானுங்க" என்கிறார். உண்மையைத்தான் சொல்கிறார், எதையும் மறைக்கவில்லை. கேள்வித்தாளை வைத்திருப்பவர் "ஒன்று" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால், முதல் கேள்விக்கு 3, இரண்டாவதுக்கு 0, மூன்றாவதுக்கு 0. மொத்தம் 3. அபாயம் இல்லை, அடுத்தவரைக் கூப்பிடு. குவார்ட்டருக்கு ஆறு டிரிங்க் என்று தெரிந்தவர் எழுதினால் முதல் கேள்விக்கு 3, இரண்டாவதுக்கு 2, வாரா வாரம் ஆறு டிரிங்க் தொடுவதால் மூன்றாவதுக்கு 3. மொத்தம் 8. அதே ஆள், அதே பதில். ஒரு தாளில் அவர் நலமாக இருக்கிறார், இன்னொரு தாளில் உடனே உட்காரவைத்துப் பேச வேண்டியவர்.

இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு என் மேசைக்கண்ணாடிக்கு அடியில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். கட்டிங், குவார்ட்டர், ஆஃப், சின்ன பீர், பெரிய பீர் எல்லாவற்றுக்கும் நேராக டிரிங்க் எண்ணிக்கை. நோயாளியிடம் நான் டிரிங்க் என்று கேட்பதே இல்லை. அவர் வாங்கும் அளவில் கேட்கிறேன், மாற்றுக் கணக்கை நான் போட்டுக்கொள்கிறேன். கேட்கும் முறையிலும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "ஒரு குவார்ட்டர்" என்கிறவரிடம் "தனியாவா, பங்கா?" என்று கேட்க வேண்டும். "பங்கு" என்றால் "ரெண்டாவது குவார்ட்டர் வாங்குனீங்களா?" என்றும் கேட்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து ஆஃப் வாங்கி, தீர்ந்ததும் இன்னொரு ஆஃப் வாங்கும் இடத்தில் யார் எவ்வளவு குடித்தார் என்பது குடித்தவருக்கே தெரியாது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கிடைக்கும் திட்டம் நீலகிரியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்கு வந்ததல்லவா, அதுகூட எனக்குக் கைகொடுத்திருக்கிறது. "போன வாரம் பாட்டில் குடுத்து எவ்வளவு வாங்குனீங்க?" என்று கேட்டால் சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். காசுக் கணக்கு மறப்பதில்லை.

கள்ளச்சாராயத்துக்கு மட்டும் என்னிடம் அட்டை கிடையாது. அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று எந்த லேபிளும் சொல்லாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட ஒன்றை யாராவது குடிப்பதாகச் சொன்னால் நான் டிரிங்க் கணக்கை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

வாய்ச்சொல்லை நம்பாமல் ரத்தத்தைக் கேட்கலாமே என்று மருத்துவர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மாத்திரை விஷயத்தில் அதைத்தானே செய்கிறோம். டப்பாவில் மிச்சம் எத்தனை என்று எண்ணுவோம், ஆனால் வருவதற்கு முந்தின நாள் மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனை வந்த பிறகு அந்தப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுக்கொரு முறை ரத்தமே பதில் சொல்லிவிடுகிறது. குடிப்பழக்கத்துக்கும் அப்படி ஒரு பரிசோதனை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பழைய பரிசோதனைகள் எங்கள் நோயாளிகளிடம் சரியாக வேலை செய்வதில்லை. கல்லீரல் பரிசோதனையில் ஜி.ஜி.டி. என்ற நொதி ஏறியிருந்தால் குடி என்று சொல்வார்கள். நெவிரபின், எஃபாவிரென்ஸ் போன்ற எச்.ஐ.வி. மருந்துகளும் அதை ஏற்றும், மஞ்சள் காமாலைக் கிருமிகளும் ஏற்றும். ரத்தச் சிவப்பணுவின் பருமன் கூடியிருந்தால் நெடுநாள் குடியின் அடையாளம் என்பார்கள். ஜிடோவுடின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தாலேயே சிவப்பணு பருத்துவிடும். ஒரு சொட்டுக்கூடத் தொடாத பெண்மணி ஒருவரின் ரிப்போர்ட்டைப் பார்த்து, வேறொரு இடத்தில் இருந்த ஒரு மருத்துவர் "குடிக்கிறியாம்மா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அந்த அம்மா அடுத்த மூன்று மாதம் மையத்துப் பக்கமே வரவில்லை. ஊதிப் பார்க்கும் கருவி சில மணி நேரக் குடியைத்தான் காட்டும். காலை ஒன்பது மணிக்கு மையத்துக்கு வருகிறவர் அன்று காலை குடித்திருக்கிறாரா என்று மட்டும் தெரியும். சிறுநீரில் எத்தில் குளுகுரோனைடு என்ற ஆல்கஹால் எச்சத்தைப் பார்ப்பது சில நாள் பின்னோக்கிப் போகும். ஆனால் ஆல்கஹால் கலந்த மருந்தும் சானிடைசரும் சில நேரம் அதைக் குழப்பிவிடும்.

இப்போது ஆராய்ச்சியாளர்கள் அதிகம் நம்புவது ஃபாஸ்ஃபாடிடைல் எத்தனால், சுருக்கமாக பெத். சிவப்பணுவின் மேல்சவ்வில் உள்ள கொழுப்பை ஒரு நொதி வழக்கமாகத் தண்ணீரோடு சேர்த்து உடைக்கும். ரத்தத்தில் ஆல்கஹால் இருந்தால் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஆல்கஹால் போய் உட்கார்ந்துகொள்கிறது, பெத் உருவாகிறது. ஆல்கஹால் இல்லாமல் அது உருவாகாது என்பதுதான் இதன் சிறப்பு. மருந்தோ கல்லீரல் நோயோ இதைப் பொய்யாக ஏற்றிவிடாது. இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை ரத்தத்தில் தங்கும். பொதுவாக ஒரு மி.லி.க்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் குடி உண்டு என்றும், 200-ஐத் தாண்டினால் கடும் குடி என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி வடிதாளில் ரத்தப் பொட்டு எடுக்கிறோமே, அதுபோல உலர்ந்த ரத்தப் பொட்டிலேயே இதையும் பார்க்க முடியும். ஆனால் பரிசோதிக்கும் இயந்திரம் பெரிய ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறது. எங்களைப் போன்ற மையங்களின் அன்றாடத்துக்கு அது இன்னும் வரவில்லை.

உகாண்டாவின் ம்பராரா நகரில் எச்.ஐ.வி. சிகிச்சை பெறுகிறவர்களிடம் இந்தப் பரிசோதனையை வைத்துப் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. அங்கேயும் நம் கதைதான். குடிக்கவே இல்லை என்று சொன்னவர்களில் பலரின் ரத்தத்தில் பெத் இருந்தது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான் யோசித்தது வேறு ஒன்றை. அவர்கள் ஏன் சொல்லவில்லை? ரத்தம் எவ்வளவு என்று சொல்லும். ஏன் மறைத்தார் என்று சொல்லாது. எனக்கு இரண்டாவதுதான் தேவை, ஏனென்றால் அங்கிருந்துதான் நான் வேலையைத் தொடங்க முடியும்.

மறைப்பதற்குக் காரணம் எங்கள் பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. குடிக்கிறேன் என்று சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. மருந்து தொடங்கும்போதே "இனிமே குடிக்கக் கூடாது, குடிச்சா மருந்து வேலை செய்யாது" என்று மிரட்டி அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருந்தது, இன்னும் முழுக்கப் போகவில்லை. எச்.ஐ.வி.யைச் சுமந்துகொண்டு வருகிறவர் ஏற்கெனவே ஊரிடமும் வீட்டிடமும் போதுமான பேச்சு வாங்கியவர். அவருக்கு என் முன்னால் இன்னொரு தவறை ஒப்புக்கொள்ள என்ன ஆசை இருக்கும்? "இல்லீங்க மேடம்" என்ற பதில் அவருடைய பாதுகாப்பு. அதைப் பொய் என்று எழுதிக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

இந்த மிரட்டல் செய்யும் பெரிய கெடுதல் இன்னொன்று உண்டு. அதைத்தான் நான் எல்லாக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாராயமும் மாத்திரையும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால் விஷமாகிவிடும் என்று மக்கள் நம்புகிறார்கள். ஆகவே குடித்த அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், அதுவும் பொறுப்பான செயல் என்று நினைத்துக்கொண்டு. விசைத்தறியிலும் கட்டட வேலையிலும் சனிக்கிழமை கூலி. சனிக்கிழமை இரவு குடி, மாத்திரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக் குடி, மாத்திரை இல்லை. ஏழு நாளில் இரண்டு போய்விட்டது. மாதக் கணக்கில் பார்த்தால் எழுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் உள்ளே போகிறது. குடித்ததால் நேராக வந்த கெடுதலைவிட, குடித்தால் போடக் கூடாது என்ற நம்பிக்கையால் வந்த கெடுதல் அந்த வாரத்தில் அதிகம். டிஎல்டியைப் பொறுத்தவரை குடித்த நாளில் மாத்திரை போடுவதைவிட விடுவதுதான் ஆபத்து. இதைச் சொன்னால் குடிக்க அனுமதி கொடுப்பதாக ஆகிவிடும் என்று சில மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அவர்கள் அக்கறை எனக்குப் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. உண்மையை மறைத்து ஒருவரைக் குடியிலிருந்து மீட்க முடியாது. மாத்திரையைத்தான் இழக்க முடியும்.

முன்பு எஃபாவிரென்ஸ் இருந்தபோது தலைசுற்றல் வரும் என்பதால் இரவில் படுக்கப் போகும்போது போடச் சொல்வோம். அந்தப் பழக்கத்திலேயே மாத்திரை மாறிய பிறகும் பலர் இரவு ஒன்பது மணிக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது மணி என்பது குடிக்கிறவருக்கு எந்த நேரம் என்று யோசித்துப் பாருங்கள். கடை பத்து மணிக்கு மூடுகிறார்கள். இப்போது நான் எல்லாரிடமும், குடித்தாலும் குடிக்காவிட்டாலும், காலையில் டீயோடு போடுங்கள் என்று சொல்கிறேன். அளப்பதால் கிடைத்த பலன் இது. குடி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேட்காமலிருந்தால் மாத்திரையின் நேரத்தை மாற்ற எனக்குத் தோன்றியிருக்காது.

எப்படிக் கேட்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், புதிதாக வேலைக்கு வரும் ஆலோசகர்களுக்கு உதவும். கேள்வித்தாளை எடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்வேன். "நீங்க என்ன சொன்னாலும் மாத்திரை நிக்காது. நீங்க சொல்றது உங்க வீட்டுக்குப் போகாது." 2017-இல் வந்து 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் அவருடைய தகவலை ரகசியமாக வைக்க என்னைக் கட்டுப்படுத்துகிறது என்றும் சொல்வேன். சட்டம் என்ற வார்த்தையைக் கேட்டதும் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் "குடிப்பீங்களா?" என்று தொடங்காமல், "கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்று தொடங்குவேன். குடிக்காதவர் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிடுவார். குடிக்கிறவருக்கு ஆம், இல்லை என்ற கத்திமுனை இருக்காது.

பிறகு நாட்காட்டி. போன முப்பது நாளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நடப்பது. ஆராய்ச்சியில் இதற்கென்று ஒழுங்கான முறையே இருக்கிறது, நான் செய்வது அதன் எளிய வடிவம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் இதற்கு நன்றாக உதவுகிறது, அதில் அமாவாசை, முகூர்த்தம், கிருத்திகை எல்லாம் இருக்கிறது. "இந்த முகூர்த்தத்துக்கு எங்கயாச்சும் போனீங்களா?" "ஆமாங்க, மச்சான் பையன் கல்யாணம்." "அன்னைக்கு?" "அன்னைக்கு உண்டுங்க." குலசாமி கோயில் கிடாவெட்டு, கூலி நாள், லாரி லோடு இறக்கித் திரும்பிய இரவு, சாவு வீடு. "மாசத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்டால் "ரெண்டு" என்றவர், காலண்டரோடு நடந்தால் ஒன்பதுக்கு வந்துவிடுவார். அவருக்கே அது புதிதாக இருக்கும். நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்காது.

எனக்கு அதிகம் பயன்பட்ட கேள்வி கடை லீவு நாளைப் பற்றியது. திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், காந்தி ஜெயந்தி அன்றெல்லாம் டாஸ்மாக் கிடையாது. "திருவள்ளுவர் தினத்தன்னைக்கு என்ன பண்ணுனீங்க?" என்று கேட்பேன். "ஒண்ணும் பண்ணல, வீட்ல இருந்தேன்" என்றால் ஒரு வகை. "முந்தின நாளே வாங்கி வெச்சிட்டேன்" என்றால் இன்னொரு வகை. "பிளாக்ல டபுள் ரேட்டு குடுத்து வாங்குனேன், இல்லாட்டி கை நடுங்குதுங்க" என்றால் ஆடிட்டின் மிச்ச ஏழு கேள்விகளுக்கும் விடை பாதி வந்துவிட்டது. இந்த மூன்றாவது ஆளிடம் "இன்னையிலிருந்து நிறுத்திடுங்க" என்று ஆலோசகர் சொல்லவே கூடாது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். அளவு தெரியாமல் அறிவுரை சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

பெண்களிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். செங்கல் சூளையிலும் துப்புரவு வேலையிலும் நாள் முழுக்க முதுகு ஒடிந்து, இரவு வலி தெரியாமல் தூங்கக் கட்டிங் போடும் அக்காக்களை எனக்குத் தெரியும். கடைக்குத் தாங்களே போக முடியாது, யாரிடமாவது காசு கொடுத்து வாங்கிவரச் சொல்ல வேண்டும், அந்த ஆளுக்கும் ஒரு பங்கு. அவர்களிடம் நான் முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்பேன். "தூக்கம் வருதாக்கா?" அங்கிருந்து பேச்சு தானாக வரும். பெண்ணுக்கு ஆடிட்-சியில் 3 வந்தாலே அபாயக் கோடு. வாரத்துக்கு இரண்டு முறை கட்டிங் போடும் அக்காவுக்கு 4 வந்துவிடுகிறது. பதிவேட்டில் அவர் குடிக்காதவர்.

மனைவியிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடுமே என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். ஆய்வுக் கூட்டங்களில்கூடக் கேட்டிருக்கிறேன். அந்த யோசனைக்கு நான் எதிரி. கணவர் குடிப்பதை மனைவி என்னிடம் சொல்லி, அதை வைத்து நான் அவரிடம் பேசினால், அன்று இரவு அடி யாருக்கு விழும்? மனைவி தானாக வந்து அழுதால் கேட்டுக்கொள்வேன், அவருக்கு வேண்டிய உதவிக்கு வழி சொல்வேன். அந்தத் தகவல் கணவரின் பதிவுக்குப் போகாது. குடியை மறக்கடிக்கும் மருந்து என்று யாரோ விற்பதைச் சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்க வேண்டாம் என்பதை மட்டும் கட்டாயம் சொல்வேன். அவர் அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடைசியாக, மேலே இருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக. எண்களை வைத்து எங்களை மதிப்பிடும்போது ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு லாரி ஓட்டுநர் முதல் வருகையில் ஆடிட்-சியில் பூஜ்யம். ஓராண்டு கழித்து 8. தாளைப் பார்த்தவர், "உங்க கவுன்சலிங்குக்கு அப்புறம் குடி கூடியிருக்கே?" என்று கேட்டார். கூடவில்லை. முதல் நாள் என்னை அவருக்குத் தெரியாது, ஓராண்டில் தெரிந்துகொண்டார். அந்த 8 அவர் என்னிடம் கொண்டுவந்த நம்பிக்கை. வைரல் லோடில் அவருக்கு அப்போது கிருமி தென்படவில்லை, மாத்திரையைக் காலைக்கு மாற்றியிருந்தார். எட்டிலிருந்துதான் இப்போது குறைத்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம் வரை லோடு இறக்கும் இரவு மட்டும் குவார்ட்டர் என்ற அளவுக்கு வந்திருக்கிறார். மறுபக்கம், 6-லிருந்து இரண்டே மாதத்தில் பூஜ்யத்துக்கு இறங்குகிறவரைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தோஷம் வருவதில்லை. உண்மையிலேயே நிறுத்தியிருக்கலாம். நாங்கள் எந்தப் பதிலுக்குத் தலையாட்டுகிறோம் என்று கற்றுக்கொண்டும் இருக்கலாம். பெத் பரிசோதனை எங்கள் மையங்களுக்கு வரும் நாளில் இந்த இரண்டையும் பிரித்தறிய அது உதவும். அப்போதும் முடிவைக் காட்டி ஆளை மடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது, அவரிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கி, அவரும் நானும் சேர்ந்து பார்க்கும் ஒரு எண்ணாக அது இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

என் அட்டையில் இன்னும் காலி இடங்கள் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் பக்கம் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் அனுமதியோடு நடக்கின்றன. அங்கே எந்தக் கிளாஸில், எத்தனை மி.லி. ஊற்றுகிறார்கள்? பாலக்காட்டு எல்லைக்குப் போய்க் கள் குடித்துவிட்டு வரும் எங்கள் ஆட்கள் "ஒரு பாட்டில்" என்றால் அது எவ்வளவு? அந்தப் பக்கத்து மையங்களில் வேலை செய்கிறவர்கள் யாராவது அளந்து வைத்திருந்தால் எழுதி அனுப்புங்கள். என் அட்டையில் சேர்த்து, வேண்டுகிற எல்லா மையங்களுக்கும் நகல் எடுத்து அனுப்புகிறேன்.